தட்டைச்சுற்றுத் தந்தி: கெட்டி உடல் மின் கிட்டாரில் ஒரு தேர்வின் வரலாறு

தட்டைச்சுற்றுத் தந்தி (பிளாட்வவுண்ட்) என்பது எஃகு உள்ளிழையின் மேல் தட்டையான உலோகப் பட்டையை நெருக்கமாகச் சுற்றிச் செய்யப்படும் இசைக்கருவித் தந்தி ஆகும். தொடுவதற்கு வழவழப்பாக இருக்கும். இதன் ஒலியில் கூர்மை குறைவு, கனம் அதிகம். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் மின் கிட்டார்களிலும் பேஸ் கிட்டார்களிலும் பரவலாகப் புழங்கிய இத்தந்தி, 1960களின் பிற்பகுதியில் உருண்டைச்சுற்றுத் தந்தியிடம் (ரவுண்ட்வவுண்ட்) தன் இடத்தை இழந்தது.

இந்த மாற்றம் ஒலியின் சுவையோடு நின்றுவிடவில்லை. கெட்டி உடல் (சாலிட் பாடி) மின் கிட்டார்களின் புகழ்பெற்ற முதல் மாதிரிகள், தடித்த தந்திகளையும் சுற்றப்பட்ட மூன்றாம் தந்தியையும் மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. பிற்காலத்தில் அக்கருவிகளின் குறைகள் என்று சொல்லப்பட்ட பல, தந்தி மாறியதால் தோன்றியவை. எனவே தட்டைச்சுற்றுத் தந்தியைத் தேர்ந்தெடுப்பவர் இந்த வரலாற்றை அறிந்திருப்பது பயன் தரும்.

அமைப்பும் ஒலியும்

தந்தியின் சுருதி மூன்றைப் பொறுத்தது: அதன் நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை. பிரெஞ்சு அறிஞர் மாரின் மெர்சென் 1636ல் வெளியிட்ட நூலில் இந்த உறவுகளை விளக்கினார். தாழ்ந்த சுருதிக்குக் கனமான தந்தி வேண்டும். ஆனால் ஒரே எஃகுக் கம்பியைத் தடிமனாக்கிக்கொண்டே போனால் அது விறைத்துவிடும். சுருதி சுத்தமாக நிற்காது. மெல்லிய உள்ளிழையின் மேல் இன்னொரு கம்பியைச் சுற்றினால் நிறை கூடும், வளையும் தன்மையும் கெடாது. குடல் இழையின் மேல் உலோகக் கம்பியைச் சுற்றும் இந்த உத்தி ஐரோப்பாவில் 1660களிலேயே அறியப்பட்டிருந்தது.

மேலே சுற்றும் பொருளின் வடிவத்தைக் கொண்டு இன்றைய கிட்டார் தந்திகள் மூன்று வகைப்படும்.

உருண்டைச்சுற்று: வட்டக் கம்பியால் சுற்றப்பட்டது. விரலால் தடவினால் திருகாணியின் மறைபோல் மேடும் பள்ளமும் தெரியும். ஒலி பளிச்சென்று இருக்கும்.

தட்டைச்சுற்று: பட்டையால் சுற்றப்பட்டது. மேற்பரப்பு ஏறத்தாழ ஒரே சமமாக இருக்கும்.

அரை உருண்டை: முதலில் வட்டக் கம்பியால் சுற்றி, பிறகு மேற்புறத்தைத் தேய்த்துச் சமப்படுத்தியது. மற்ற இரண்டுக்கும் இடைப்பட்டது.

தட்டைச்சுற்றின் ஒலி அடங்கியிருப்பதற்கு அதன் அமைப்பே காரணம். அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றையொன்று நெருக்கமாகத் தொட்டுக்கொண்டிருப்பதால் தந்தி அதிரும்போது அவற்றுக்கிடையே உராய்வு ஏற்படுகிறது. உயர்ந்த மேற்சுரங்கள் இந்த உராய்வில் விரைவாக மடிகின்றன. அடிப்படைச் சுரம் எஞ்சி நிற்கிறது. விரல் நகரும்போது எழும் கீச்சொலியும் மிகக் குறைவு. பள்ளங்கள் இல்லாததால் வியர்வையும் அழுக்கும் எளிதில் தங்குவதில்லை. ஃப்ரெட் எனப்படும் மெட்டுகளும் மெதுவாகவே தேய்கின்றன.

மின் கிட்டாருக்கு வந்த வழி

தட்டைப் பட்டை சுற்றும் முறை வயலின் குடும்பத்துக்கு நெருக்கமானது. வில்லால் இழைக்கும் கருவிக்கு மேடுபள்ளமற்ற தந்தி தேவை என்பது எளிதில் விளங்கும். 1919ல் வியன்னாவில் தொடங்கப்பட்ட தொமாஸ்டிக்-இன்ஃபெல்ட் நிறுவனம் எஃகு உள்ளிழை கொண்ட வயலின் தந்திகளால் பெயர் பெற்றது. அதே நிறுவனம் இன்று ஜாஸ் கிட்டாருக்கான தட்டைச்சுற்றுத் தந்திகளுக்கும் பெயர் பெற்றிருக்கிறது.

மின் கிட்டார் 1930களில் உருவானது. ரிக்கன்பேக்கரின் 'ஃபிரையிங் பேன்' 1932ல் விற்பனைக்கு வந்தது. கிப்சனின் இஎஸ்-150 1936ல் வெளியானது. இவற்றிலுள்ள பிக்கப், காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட ஒரு கருவி. மேலே அதிரும் தந்தி காந்தப்புலத்தைக் கலைக்கும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. அதனால் தந்தி எஃகு, நிக்கல் போன்ற காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகத்தில் அமைய வேண்டியிருந்தது.

அக்காலத்து ஜாஸ் கிட்டார் கலைஞர்கள் பெரும்பாலும் உட்குழிவான உடல் கொண்ட பெரிய கிட்டார்களை வாசித்தனர். கார்டுகளைத் தாளத்துக்கு ஏற்ப அடிப்பதும், கழுத்துப்பலகையில் கையை விரைவாக நகர்த்துவதும் அவர்களுடைய வேலை. ஆம்ப்ளிஃபயர் வழியே விரல் கீச்சொலியும் பெரிதாகக் கேட்டது. வழவழப்பான தந்தி அவர்களுக்குப் பொருத்தமாக அமைந்தது. கட்டைவிரலால் மீட்டிப் புகழ்பெற்ற வெஸ் மான்ட்கோமரி, கிப்சன் எல்-5 கிட்டாரில் தடித்த தட்டைச்சுற்றுத் தந்திகளையே பயன்படுத்தினார்.

கெட்டி உடல் கிட்டாரின் வருகை

உட்குழிவான கிட்டாரின் ஒலியைக் கூட்டினால் அதன் உடலே ஆம்ப்ளிஃபயரின் ஓசைக்கு அதிர்ந்து ஊளையிடும். இதைத் தவிர்க்க ஒரே மரப்பலகையாலான உடல் உதவியது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் தொழில் நடத்திய லியோ ஃபெண்டர் 1950ல் எஸ்கொயர், பிராட்காஸ்டர் ஆகியவற்றை வெளியிட்டார். கிரெட்ஷ் நிறுவனத்தின் முரசு வகையொன்றுக்கு ஏறக்குறைய அதே பெயர் இருந்ததால், பிராட்காஸ்டர் 1951ல் டெலிகாஸ்டர் ஆயிற்று. அதே ஆண்டில் பிரிசிஷன் பேஸ் வந்தது. கிப்சனின் லெஸ் பால் 1952லும், ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954லும், ஜாஸ்மாஸ்டர் 1958லும், ஜாகுவார் 1962லும் வெளியாயின.

இக்காலத்தில் விற்ற தந்தித் தொகுப்புகள் எல்லாமே தட்டைச்சுற்று அல்ல. உருண்டைச்சுற்றும் விற்பனையில் இருந்தது. ஆனால் இரண்டுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை இன்றைய அளவுக்கு மிகத் தடித்தவை. முதல் இரண்டு தந்திகள் மட்டுமே வெறும் கம்பி. ஜி சுருதியிலுள்ள மூன்றாம் தந்தி சுற்றப்பட்டதாகவே இருந்தது. இன்றைய வழக்கமான மின் கிட்டார் தொகுப்பில் மூன்றாம் தந்தியும் வெறும் கம்பி.

கருவிகளில் பதிந்த தடயங்கள்

சுற்றப்பட்ட மூன்றாம் தந்திக்கும் தடித்த தொகுப்புக்கும் ஏற்ப அமைந்த பகுதிகளை ஃபெண்டர் கிட்டார்களில் காணலாம்.

முதலாவது, டெலிகாஸ்டரின் பிரிட்ஜ். ஆறு தந்திகளுக்கு அதில் மூன்றே சேடில்கள். இரண்டு தந்திகளுக்கு ஒன்று. தந்தியை மெட்டின் மேல் அழுத்தும்போது அது சற்று நீண்டு சுருதி ஏறுகிறது. இதை ஈடுகட்டச் சேடிலைச் சிறிது பின்னுக்குத் தள்ளுவார்கள். எவ்வளவு தள்ளுவது என்பது தந்திக்குத் தந்தி மாறும். வெறும் கம்பியாலான தடித்த மூன்றாம் தந்திக்கு, சுற்றப்பட்ட தந்தியைவிட அதிகம் தள்ள வேண்டும். டெலிகாஸ்டரில் மூன்றாம், நான்காம் தந்திகள் ஒரே சேடிலில் அமர்கின்றன. இரண்டும் சுற்றப்பட்டவையாக இருந்தால் அவற்றின் தேவை நெருக்கமாக இருக்கும். ஒரே சேடில் போதும். மூன்றாம் தந்தி வெறும் கம்பியானதும் ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று சுருதி விலகுகிறது. டெலிகாஸ்டர் சுருதி நிற்காத கிட்டார் என்ற குறைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது, ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிக்கப். ஒவ்வொரு தந்தியின் அடியிலும் ஒரு காந்தத் தண்டு இருக்கும். பழைய மாதிரிகளில் இவை ஒரே உயரத்தில் இல்லை. மூன்றாம் தந்தியின் அடியிலுள்ள தண்டு உயர்ந்தும், இரண்டாம் தந்தியின் அடியிலுள்ளது தாழ்ந்தும் இருக்கும். சுற்றப்பட்ட தந்தியில் பிக்கப் பெரும்பாலும் உணர்வது உள்ளிழையையே. மூன்றாம் தந்தியின் உள்ளிழை மெல்லியது. எனவே அதன் தண்டைத் தந்திக்கு அருகே உயர்த்தி வலுவைச் சமன் செய்தார்கள். அதே இடத்தில் வெறும் எஃகுக் கம்பியைப் பூட்டினால், மூன்றாம் தந்தி மட்டும் மற்றவற்றை அமுக்கிக்கொண்டு உரக்க ஒலிக்கும். 1970களின் நடுவில் ஃபெண்டர் தண்டுகளை ஒரே உயரத்தில் அமைக்கத் தொடங்கியது.

மூன்றாவது, ஜாஸ்மாஸ்டர், ஜாகுவார் கிட்டார்களின் பிரிட்ஜ். இவற்றில் தந்தி சேடிலின் மேல் மிகச் சிறிய கோணத்திலேயே வளைகிறது. சேடிலைக் கீழ்நோக்கி அழுத்தும் விசை அதனால் குறைவு. இழுவிசை மிகுந்த தடித்த தந்திகள் இந்தக் கோணத்திலும் உறுதியாக அமரும். மெல்லிய தந்திகளோ பலமாக மீட்டினால் பள்ளத்தைவிட்டு நகரும், அல்லது இரையும். ஜாகுவாரில் இது இன்னும் கூடுதல். அதன் தந்தி நீளம் 24 அங்குலம்; ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு 25.5 அங்குலம். ஒரே தந்தி, ஒரே சுருதி என்று கொண்டால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். எனவே ஜாகுவாரில் அது ஏறத்தாழ 11 சதவீதம் குறைகிறது.

ஜாஸ்மாஸ்டர் ஜாஸ் கலைஞர்களை எண்ணி உருவாக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. கலிஃபோர்னியாவின் சர்ஃப் இசைக்குழுக்கள் அதை ஏற்றுக்கொண்டன. ஜாகுவாரின் உற்பத்தி 1970களின் நடுவிலும் ஜாஸ்மாஸ்டரின் உற்பத்தி 1980 வாக்கிலும் நின்றன. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் மலிவு விலைக்குக் கைமாறிய இவற்றை மாற்று ராக் இசைக்குழுக்கள் எடுத்து வாசித்தன. மெல்லிய உருண்டைச்சுற்றுத் தந்திகளைப் பூட்டியவர்கள், பிரிட்ஜைக் குறைசொல்லி அதை மாற்றவும் செய்தார்கள்.

தந்தியை வளைக்கும் ஆசை

தடித்த தந்திகள் ஏன் கைவிடப்பட்டன என்பதற்கு விடை, விரலால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை ஏற்றும் முறையில் இருக்கிறது. வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுத்துக் கமகம் காட்டுவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். புளூஸ் கலைஞர்கள் இதைக் கிட்டாரின் குரலாகவே ஆக்கினார்கள். ராக் இசை அதை மேலும் விரித்தது. சுற்றப்பட்ட மூன்றாம் தந்தியை இவ்வாறு இழுப்பது கடினம்; இழுத்தாலும் சுருதி குறைவாகவே ஏறும்.

கலைஞர்கள் முதலில் தாமே வழி தேடினர். ஜேம்ஸ் பர்ட்டன் 1950களில் மெல்லிய பாஞ்சோ தந்திகளை டெலிகாஸ்டரில் பூட்டி வாசித்தார். கலிஃபோர்னியாவின் டர்ஸானாவில் கிட்டார் கடை நடத்திய எர்னி பால், புதிதாகக் கற்க வந்த மாணவர்கள் மூன்றாம் தந்தியோடு திணறுவதைக் கவனித்தார். அன்றைய ஃபெண்டர் தொகுப்பில் அத்தந்தியின் தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் 29 பங்கு. மெல்லிய தொகுப்பு ஒன்றை வெளியிடலாம் என்று அவர் ஃபெண்டர் நிறுவனத்துக்குச் சொன்னார், அது ஏற்கப்படவில்லை. பின்னர் அவரே செய்வித்து விற்றார். 1960களின் தொடக்கத்தில் வந்த 'ரெகுலர் ஸ்லிங்கி' தொகுப்பு 10 முதல் 46 வரையான தடிமன் கொண்டது. அதில் மூன்றாம் தந்தி 17 அளவுள்ள வெறும் கம்பி. இன்று பெரும்பாலான கெட்டி உடல் கிட்டார்கள் இதை ஒத்த தந்திகளோடுதான் விற்கப்படுகின்றன.

மாணவர்களின் விரல் நோகாமலிருக்க மூன்றாம் தந்தி மெலிந்தது. அதன் விளைவாக மின் கிட்டார் பாடத் தொடங்கியது. அதே மாற்றத்தால், முன்பே செய்து முடிக்கப்பட்ட கருவிகளின் பிரிட்ஜும் காந்தத் தண்டுகளும் பொருத்தம் இழந்தன.

பேஸ் கிட்டாரில் தொடர்ச்சி

பேஸ் கிட்டாரில் தந்தியை வளைக்கும் தேவை குறைவு. அதனால் தட்டைச்சுற்று அங்கே நீண்ட நாள் நிலைத்தது. டெட்ராய்ட் நகரின் மோடவுன் பதிவரங்கில் பணியாற்றிய ஜேம்ஸ் ஜேமர்சன், 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸில் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த தட்டைச்சுற்றுத் தந்திகளைப் பூட்டியிருந்தார். அறுந்தாலன்றி அவற்றை மாற்றுவதில்லை என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. லாஸ் ஏஞ்சலிஸ் பதிவரங்குகளில் கேரல் கேயும் தட்டைச்சுற்றையே பயன்படுத்தினார்.

இங்கிலாந்தில் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசிலுக்குப் பியானோவைப் போன்று தெளிந்து ஒலிக்கும் தந்தி தேவைப்பட்டது. 1966ல் அவர் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தாரோடு சேர்ந்து உருண்டைச்சுற்று பேஸ் தந்தியைச் செம்மைப்படுத்தினார். ராக் பேஸ் இசை அந்தப் பாதையில் சென்றது. ஆனாலும் அதே ரோட்டோசவுண்ட், அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் பெயரில் தட்டைச்சுற்றுத் தொகுப்பு ஒன்றை விற்கிறது. மிகக் கடுமையான ஹெவி மெட்டல் இசையில் இத்தந்தி ஒலிப்பது, தட்டைச்சுற்று என்றால் மந்தமான ஒலி என்னும் கருத்து முழு உண்மை அல்ல என்பதைக் காட்டும்.

இன்று தேர்ந்தெடுக்கும் முறை

கெட்டி உடல் கிட்டாருக்குத் தட்டைச்சுற்றுத் தந்தியைத் தேர்வோர் பின்வருவனவற்றைக் கருத வேண்டும்.

வாசிப்பு முறை: மூன்றாம் தந்தியை முழுச் சுரம் வளைத்து வாசிப்பவருக்கு இத்தந்தி ஏமாற்றம் தரும். கார்டு, மெல்லிசைத் தனி வாசிப்பு, ஜாஸ், சர்ஃப், பழைய சோல் இசை ஆகியவற்றுக்குப் பொருந்தும். ஒலிச்சிதைவை மிகுதியாகச் சேர்க்கும் வாசிப்பில் கார்டின் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்புவது குறையும். ஒலியின் வெட்டும் தன்மையும் குறையும்.

தடிமன்: பெரும்பாலான தொகுப்புகள் 11 அல்லது 12 அளவில் தொடங்குபவை. 10ல் தொடங்குபவையும் கிடைக்கின்றன. ஒரே தடிமனுக்குத் தட்டைச்சுற்றில் உலோகம் இடைவெளியின்றி நிறைந்திருப்பதால், நிறையும் இழுவிசையும் பொதுவாகக் கூடும். தடிமன் எண் ஒன்றாக இருப்பதால் கைக்கும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணக்கூடாது. தயாரிப்பாளர் தரும் இழுவிசை அட்டவணையைப் பார்ப்பது நல்லது.

கிட்டாரின் தந்தி நீளம்: கிப்சன் வகையின் 24.75 அங்குலத்தைவிட ஃபெண்டர் வகையின் 25.5 அங்குலத்தில் அதே தந்திக்கு ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதல் இழுவிசை உண்டு. ஃபெண்டர் வகையில் 11 தொகுப்பே போதிய விறைப்புத் தரும்.

மூன்றாம் தந்தி: பழைய முறையில் உயரம் மாறும் காந்தத் தண்டுகள், மூன்று சேடில் பிரிட்ஜ் ஆகியவை உள்ள கிட்டாருக்குச் சுற்றப்பட்ட மூன்றாம் தந்தி இயல்பாகப் பொருந்தும். வெறும் கம்பிக்கு ஏற்ப அமைந்த புதிய கிட்டாரில் சேடிலையும் பிக்கப் உயரத்தையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும்.

பட்டையின் உலோகம்: துருப்பிடிக்காத எஃகுப் பட்டை சற்றுத் தெளிந்த ஒலி தரும், நிக்கல் பட்டை இன்னும் மென்மையானது. மின் கிட்டாரில் கழுத்துப் பக்கத்து பிக்கப்பை மட்டும் பயன்படுத்துவோருக்கு எஃகுப் பட்டை தெளிவைக் கூட்டும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

தந்தி தடித்ததும் கழுத்தின் மேல் விசை கூடி, அது முன்னோக்கி வளையும். டிரஸ் ராடைச் சற்று இறுக்கி இதைச் சரிசெய்யலாம். நட்டில் உள்ள பள்ளங்கள் மெல்லிய தந்திக்காக வெட்டப்பட்டிருந்தால், தடித்த தந்தி அதில் சிக்கிக்கொள்ளும். முறுக்கும்போது சுருதி நழுவும். அவற்றை அரத்தால் அகலப்படுத்த வேண்டும். ஒருமுறை அகலப்படுத்திய நட்டில் பிறகு மெல்லிய தந்தி சரியாக அமராது என்பதால் இந்த வேலையைப் பழகியவரிடம் கொடுப்பதே நல்லது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் டிரெமலோ பிரிட்ஜ் முன்னே சாய்ந்தால், பின்புறச் சுருள்வில்லைக் கூட்டவோ இறுக்கவோ வேண்டும்.

தட்டைச்சுற்றுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. மீதமுள்ள நுனியை வெட்டுமுன், வெட்டும் இடத்துக்கு முன்பாகத் தந்தியைச் செங்கோணமாக மடித்துக்கொள்ள வேண்டும். மடிக்காமல் வெட்டினால் பட்டை உள்ளிழையில் வழுக்கித் தளரலாம்; தந்தியின் ஒலி செத்துப்போகும்.

புதிதாகப் பூட்டிய தட்டைச்சுற்று முதல் சில நாட்கள் சற்றுப் பளிச்சென்றே ஒலிக்கும். சில வாரங்கள் வாசித்த பிறகே அதன் உரிய ஒலி நிலைபெறும். அதனால் பூட்டிய முதல் நாளிலேயே முடிவு செய்வது சரியாகாது. விலை உருண்டைச்சுற்றைவிடக் கூடுதல் என்றாலும் பல மடங்கு காலம் உழைப்பதால், மாற்றும் செலவு பெரிதாக வேறுபடுவதில்லை.

மதிப்பீடு

தட்டைச்சுற்றுத் தந்தி பழைமை என்பதற்காக உயர்ந்ததும் அல்ல, வழக்கொழிந்தது என்பதற்காகத் தாழ்ந்ததும் அல்ல. அதைக் கைவிட்டதால் மின் கிட்டாருக்கு வளைந்து பாடும் குரல் கிடைத்தது. ராக் இசையின் தனி வாசிப்பு மரபு அந்தக் குரலின்றி உருவாகியிருக்காது. அதற்கு ஈடாக, 1950களின் கிட்டார்களில் நுட்பமாகக் கணக்கிட்டுச் செய்யப்பட்ட சில பகுதிகள் பிழைகளாகத் தோன்றலாயின. சுருதி நிற்காத டெலிகாஸ்டரையோ இரையும் ஜாகுவாரையோ கையில் வைத்திருப்பவர், அதன் பிரிட்ஜை மாற்றுமுன், சுற்றப்பட்ட மூன்றாம் தந்தி கொண்ட தொகுப்பு ஒன்றைப் பூட்டிப் பார்க்கலாம். கருவி எந்தத் தந்தியை எண்ணிச் செய்யப்பட்டதோ அதே வகைத் தந்தியோடு அதைக் கேட்ட பிறகு, குறை கருவியில் இருக்கிறதா தந்தியில் இருக்கிறதா என்பது விளங்கும்.